‘வணக்கம் எஸ்’ என்று மெசேஜ் போகிறதா? கஸ்டமர் லிஸ்ட்டில் பிழை தேடி நீக்கும் வழி

ஆடித் தள்ளுபடிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் எல்லாருக்கும் கஸ்டமர் லிஸ்ட் ஞாபகம் வரும். பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து ஒரு ஃபைல், கிளைக் கடையிலிருந்து ஒரு ஃபைல், போன வருடக் கண்காட்சியில் நோட்டில் எழுதி வாங்கிய பெயர்கள், மேனேஜர் போனில் கிடக்கும் வாட்ஸ்அப் தொடர்புகள் என்று எல்லாவற்றையும் ஒட்டி ஒரே எக்செல்லாக்கி “நாளைக்குள் அனுப்பிவிடு” என்பார்கள். நான் சில வருடங்களாக ஜவுளி, நகை, வீட்டு உபயோகப் பொருள் கடைகளுக்கு இந்த வேலையைச் செய்கிறேன். அடிக்கடி கண்ணில் படும் கோளாறுகளை, வெளியே எப்படித் தெரிகின்றனவோ அந்த அடையாளத்தை வைத்தே இங்கே எழுதுகிறேன். உங்கள் லிஸ்ட்டில் எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

கை வைப்பதற்கு முன் மூன்று வேலை. மூல ஃபைலை அன்றைய தேதியோடு தனியாக வைத்துவிடுங்கள், அதைத் திறக்கவே வேண்டாம். வேலை செய்யும் நகலில் முதல் நெடுவரிசையாக 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். எத்தனை முறை அகர வரிசைப்படுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்ப அது ஒன்றுதான் வழி. மூன்றாவது, திருத்திய மதிப்பைப் பழையதன் மேல் எழுதாமல் பக்கத்தில் புது நெடுவரிசையில் எழுதுங்கள். ‘போன்’ அப்படியே இருக்கட்டும், ‘போன்_சரி’ என்று ஒன்று புதிதாக வரட்டும்.

போன் எண் இருந்த இடத்தில் 9.19 என்று ஏதோ தெரிகிறது

9.19 என்று தொடங்கி, நடுவில் ஒரு ஆங்கில ஈ, ஒரு கூட்டல் குறி, கடைசியில் 11. எக்செல் 12 இலக்க எண்ணைப் பார்த்தால் அதை அறிவியல் கணக்கு என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். 91 சேர்த்த நம் ஊர் செல்போன் எண் சரியாக 12 இலக்கம். 10 இலக்கமாக இருந்தவரை பிரச்சினை வந்திருக்காது; யாரோ நல்லெண்ணத்தில் 91 சேர்த்த அன்று வந்திருக்கும்.

முதலில் அந்தக் கட்டத்தை ஒருமுறை சொடுக்கி, மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். முழு எண்ணும் அங்கே தெரிந்தால் பிழைத்தீர்கள். கட்டத்தின் வகையை ‘நம்பர்’ ஆக்கி, தசம இடத்தைப் பூஜ்யமாக்கினால் போதும். மேலேயும் கடைசி ஆறு இலக்கம் பூஜ்யமாக இருந்தால் யாரோ அந்தச் சுருங்கிய நிலையிலேயே சிஎஸ்வியாக (வடிவமைப்பு எதுவும் இல்லாத வெறும் எழுத்து ஃபைல்) சேமித்துவிட்டார் என்று பொருள். திரையில் தெரிவதைத்தான் எக்செல் சிஎஸ்வியில் எழுதும். போன இலக்கங்கள் போனவைதான், எந்த ஃபார்முலாவும் அவற்றைத் திருப்பித் தராது. மறுபடியும் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து எடுங்கள்.

இதை ஏன் முதலில் வைத்தேன் என்றால், இது அடுத்த படியில் செய்யும் நாசம் பெரிது. நான் பார்த்த ஒரு லிஸ்ட்டில் இப்படிப் பூஜ்யமான எண்களை அப்படியே வைத்துக்கொண்டு ‘ஒரே எண் இரண்டு முறை வந்தால் நீக்கு’ என்று ஓட்டிவிட்டார்கள். 9842 என்று தொடங்கும் எண்கள் கோவைப் பக்கம் கொஞ்சமா நஞ்சமா? முதல் நான்கு இலக்கம் ஒன்றாக இருந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். காலையில் பதினோராயிரம் பேர் இருந்த லிஸ்ட்டில் மதியம் சில நூறு பேர்தான் மிச்சம். “அடேங்கப்பா, இவ்வளவு டூப்ளிகேட்டா” என்று சந்தோஷப்பட்டதுதான் அதில் கொடுமை.

இனி வராமல் இருக்க: சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செல்லை முதலில் திறந்து, ‘டேட்டா’ பகுதி வழியாக ஃபைலை உள்ளே இழுத்து, போன் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று சொல்லிவிடுங்கள். போனை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அது எழுத்தாகவே இருக்கட்டும்.

பாதி எண்களுக்கு மெசேஜ் போகவில்லை, ‘இன்வேலிட்’ என்று திரும்புகிறது

லென் ஃபார்முலாவால் ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை எழுத்து என்று பக்கத்தில் எண்ணிக்கை போடுங்கள். பிறகு அதை வைத்து வடிகட்டுங்கள். கூட்டம் கூட்டமாகப் பிரிந்துவிடும்.

10 இருந்தால், 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்குகிறதா பாருங்கள். இந்தியச் செல்போன் எண் வேறு எதிலும் தொடங்காது. 4-இல் தொடங்கினால் பெரும்பாலும் தரைவழி போன்: சென்னையின் 044, கோவையின் 0422, மதுரையின் 0452 முன்னால் இருந்த பூஜ்யத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும். 11 இருந்து பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யத்தை எடுங்கள். 12 இருந்து 91-இல் தொடங்கினால் 91-ஐ எடுங்கள். 13 என்றால் முன்னால் கூட்டல் குறி இருக்கும், அல்லது நடுவில் ஓர் இடைவெளி. 20-க்கு மேல் என்றால் ஒரே கட்டத்தில் இரண்டு எண், நடுவில் சாய்கோடு. “வீட்டு நம்பர், அவர் நம்பர்” என்று அன்பாகக் கொடுத்தது. இரண்டாக உடைத்து இரண்டு நெடுவரிசையில் வையுங்கள்.

பலரும் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ‘வலமிருந்து பத்து இலக்கத்தை எடு’ என்று ஒரே ஃபார்முலாவில் முடித்துவிடுவார்கள். உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு அது சரி. கல்யாணப் பட்டு எடுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உள்ள கடை என்றால் அங்கேதான் பொறி. இலங்கையின் 94-க்குப் பின் ஒன்பது இலக்கம். வலமிருந்து பத்து எடுத்தால் 4-இல் தொடங்கும், தவறு என்று தெரிந்துவிடும். சிங்கப்பூரின் 65-க்குப் பின்னால் வருவது எட்டே இலக்கம். மொத்தம் பத்து, தொடக்கம் 6. அச்சு அசலாக இந்திய எண் போலவே இருக்கும். எந்தச் சோதனையிலும் மாட்டாது. சிங்கப்பூர் அக்காவுக்குப் போக வேண்டிய செய்தி சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போகும். ஆகவே எதையும் வெட்டுவதற்கு முன், கூட்டல் குறியோ 00-வோ முன்னால் உள்ள எண்களைத் தனியே எடுத்து வையுங்கள். 65-இல் தொடங்கும் பத்து இலக்க எண்களை முகவரியோடு கண்ணால் பாருங்கள், சில பத்துக்கு மேல் இருக்காது. நாட்டுக் குறியீட்டுக்குத் தனி நெடுவரிசை வைத்துவிட்டால் அடுத்த வருடம் இந்த வேலை இல்லை.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று மெசேஜ் போகிறது

எண் ஒன்றாக இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். மேலே சொன்னபடி எண்களை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் டூப்ளிகேட் தேட வேண்டும். வரிசை மாறினால் பூஜ்யம் உள்ளவரும் இல்லாதவரும் இரண்டு பேராகவே இருப்பார்கள்.

எண் வேறு, ஆள் ஒருவர் என்பதுதான் கஷ்டம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரு ஒழுங்கு கிடையாது. செந்திலில் ஹெச் போடுகிறவர் உண்டு, போடாதவர் உண்டு. லட்சுமிக்கு எக்ஸ் ஒரு வழி, கே எஸ் ஹெச் ஒரு வழி. சுப்பிரமணியன் கடைசியில் என், எம் இரண்டிலும் முடிவார், நடுவில் ஒய் வந்தாலும் வரும். ஒலியை வைத்துப் பெயர் பொருத்தும் சவுண்டெக்ஸ் முறை சில கருவிகளில் இருக்கும். அது ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காக நூறு வருடத்துக்கு முன்னால் செய்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியைத்தான் எண்ணாக்கும். ஞானசேகரனை ஒருவர் ஜி-யில் தொடங்குவார், இன்னொருவர் என்-இல் தொடங்குவார். சவுண்டெக்ஸுக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள். எனவே கருவி ‘பொருந்துகிறது’ என்று சொல்வதை ஒரு சந்தேகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்வது இது. பெயர் ஏறத்தாழ ஒன்று, பின்கோடு ஒன்று, அதோடு இன்னொன்றும் ஒன்று (மின்னஞ்சல், கதவு எண், பிறந்த நாள், ஏதாவது) என்றால் மட்டுமே இணைப்பேன். இரண்டு மட்டும் பொருந்தினால் இணைக்காமல் ஒரு குறி போட்டு வைப்பேன். ஒருவருக்கு இரண்டு மெசேஜ் போனால் அவர் கொஞ்சம் எரிச்சல்படுவார், அவ்வளவுதான். இரண்டு பேரைத் தப்பாக ஒன்றாக்கிவிட்டால் பில்லுக்குப் பில் சேரும் ஒருவருடைய பாயின்ட் இன்னொருவருக்குப் போகும், பிரிக்கவும் வழியிருக்காது.

எண் ஒன்றாக இருந்தும் ஆள் வேறாக இருப்பதையும் மறக்காதீர்கள். அப்பா போன் எண்ணில் மகள் பெயர், மகன் பெயர், பக்கத்து வீட்டு அம்மா பெயர்கூட இருக்கும். அது பிழையில்லை, அந்த வீட்டின் வழக்கம். எண்ணுக்கு ஒரே மெசேஜ் போகட்டும். பெயர்களை அழிக்க வேண்டாம்.

இணைக்கும்போது எதை வைப்பது, எதை விடுவது? கஸ்டமர் எண்ணில் பழையது, முகவரியில் கடைசியாகச் சொன்னது, பாயின்ட்டில் இரண்டின் கூட்டல். ‘மெசேஜ் வேண்டாம்’ என்று ஏதாவது ஒரு பதிவில் இருந்தால் அதுவே இறுதி. இந்தக் கடைசி விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

எக்செல்லின் தேடல் ஃபார்முலாவான விலுக்கப் கையை விரிக்கும்போது முதல் சந்தேகம் இடைவெளி மேல். தேவையில்லாத இடைவெளியை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவைப் போட்டும் போகவில்லை என்றால் அது சாதாரண இடைவெளி இல்லை. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் 160 என்ற குறியீட்டு இடைவெளி. எக்செல்லின் ட்ரிம்முக்கு அது கண்ணில் படாது. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் கேர் 160-ஐக் கொடுத்து அதைச் சாதாரண இடைவெளியாக்கி, அப்புறம் ட்ரிம் போடுங்கள்.

தமிழில் பெயர் வைத்திருக்கும் லிஸ்ட்டுக்கு இன்னும் இரண்டு வம்பு உண்டு. முதலாவது கோமதி. ‘கோ’வின் அந்தக் கொம்பையும் காலையும் யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொது முறை) ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது. லென் போட்டால் ஒரு கோமதிக்கு 5 வரும், இன்னொரு கோமதிக்கு 6 வரும். பழைய எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்த பெயர்களில் இது அதிகம். 3015, 3006 என்ற இரண்டு குறியீடு அடுத்தடுத்து வந்தால் 3019 ஆக்கு (ஓகாரம்), 3014, 3006 வந்தால் 3018 ஆக்கு (ஒகாரம்) என்று, எண்ணை எழுத்தாக்கும் யூனிகேர் ஃபார்முலாவை வைத்து இரண்டு சப்ஸ்டிட்யூட் எழுதிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது வம்பு ஸ்ரீ. இது இன்னும் கள்ளத்தனமானது, ஏனென்றால் லென்னும் காட்டிக்கொடுக்காது. ஸ-வில் தொடங்கி எழுதும் ஸ்ரீ ஒன்று. 2005-இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு அதில் தொடங்கி எழுதும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சில் ஒன்றே. ஸ்ரீதர், ஸ்ரீவித்யா, ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர் என்று ஆளும் ஊரும் சேர்ந்து மாட்டும். ஒரு கடையில் ‘ஸ்ரீரங்கம் கிளைக்கு அருகில் இருப்பவர்கள்’ என்று வடிகட்டினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். அரை நாள் தேடிய பிறகுதான் பிடிபட்டது. யூனிகோட் ஃபார்முலாவை அந்தக் கட்டத்தின் மேல் ஓட்டினால் முதல் எழுத்தின் எண்ணைச் சொல்லும்: 3000 என்றால் ஸ, 2998 என்றால் ஶ. ஏதாவது ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். எது சரி என்ற இலக்கண வழக்கை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரிகின்றன

கிறுக்கலில் தலையில் கோடு போட்ட ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிக முத்திரையும் திரும்பத் திரும்ப வந்தால் கவலைப்படாதீர்கள். ஃபைல் நன்றாகவே இருக்கிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது என்று தெரியாமல் எக்செல் அதைத் தப்பாகப் படிக்கிறது. சேமிக்காமல் மூடிவிட்டு, உள்ளே இழுக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். அந்தக் கிறுக்கலோடு சேமித்தால்தான் சிக்கல்.

வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் பெயர் அழிந்துவிட்டது. மூல ஃபைலைத் தேடுங்கள்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக அர்த்தமில்லாமல் இருந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுங்கள், மேலே சொன்ன கோமதிச் சோதனையையும் கையோடு செய்துவிடுங்கள்.

‘வணக்கம் எஸ்’ என்று மெசேஜ் போயிருக்கிறது

வெளிநாட்டுக்காரர் செய்த படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். எஸ். மீனாட்சி என்று பழகியவர் எஸ்-ஐ முதல் கட்டத்தில் போடுவார். மெசேஜ் கருவி முதல் கட்டத்தை எடுத்துக்கொண்டு அவரை எஸ் என்று கூப்பிடும். இரண்டாவது கட்டத்தை எடுத்தாலோ வேறு சிலரை அவர் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகிவிடும்.

புள்ளிகளை இடைவெளியாக்கி, பெயரைத் துண்டுகளாகப் பிரித்து, இரண்டு எழுத்துக்கு மேல் உள்ள முதல் துண்டை ‘அழைக்கும் பெயர்’ என்று புது நெடுவரிசையில் வையுங்கள். முழுப் பெயரைத் தொடாதீர்கள். ‘திருமதி’, ‘டாக்டர்’, ‘ஹாஜி’ போன்றவற்றை முன்கூட்டியே ஒரு பட்டியலாக வைத்து விலக்கவில்லை என்றால் ‘வணக்கம் திருமதி’ என்று போகும். கிருஷ்ண குமார், முத்து லட்சுமி என்று பிரித்து எழுதுகிறவர்களுக்குப் பாதிப் பெயர்தான் வரும். அதற்கு இயந்திர வழி ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. சந்தேகம் உள்ள வரிசைகளில் கட்டத்தைக் காலியாக விட்டு, ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று போகும்படி வைப்பேன். தப்பாகப் பெயர் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

எஸ்எம்எஸ் கட்டணம் திடீரென்று மூன்று மடங்கு

ஆள் எண்ணிக்கை ஏறவில்லை, செய்தியும் அதே ஆங்கிலச் செய்தி, கட்டணம் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் பெயர் நெடுவரிசையைப் பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்தாக இருந்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். அந்த வரம்புக்குள் வராத ஒரே ஒரு குறி வந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறும். அப்போது 70 எழுத்துதான். அதற்கு மேல் போனால் துண்டு ஒன்றுக்கு 67. 150 எழுத்துச் செய்தி ஒன்றாகப் போக வேண்டியது மூன்றாகப் போகும். காரணமாக இருப்பது யாரோ ஒருவருடைய பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த 160 குறியீட்டு இடைவெளியோ, வேர்டிலிருந்து வந்த வளைந்த மேற்கோள் குறியோ, தமிழில் அடித்த பெயரோதான். சிலருக்கு மட்டும் கட்டணம் கூடியிருப்பதால் மொத்த பில்லில் காரணம் தெரியாது. எஸ்எம்எஸ் நிறுவனத்தின் அறிக்கையில் துண்டு எண்ணிக்கை 1-க்கு மேல் உள்ளவர்களை வடிகட்டினால் அந்தப் பெயர்கள் வந்து நிற்கும்.

தமிழிலேயே அனுப்புவதாக இருந்தால் எழுத்தைக் கண்ணால் எண்ணாதீர்கள். ‘தீபாவளி வாழ்த்துகள்’ நமக்குப் பத்து எழுத்து, ஓர் இடைவெளி. எஸ்எம்எஸ் கணக்கில் அது 19. கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்கில் சேரும்.

ஜனவரி 1 அன்று கடையில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள்

01-01-1900, 01-01-1970 இரண்டும் ‘தேதி இல்லை’ என்பதன் மாறுவேடம். முன்னது எக்செல்லின் தொடக்க நாள், பின்னது பல கணினி அமைப்புகள் நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும் நாள். இரண்டையும் காலியாக்குங்கள்.

தேதி நெடுவரிசையில் சில கட்டங்கள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் வேறு கோளாறு. கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது. 25/08 அதற்குப் புரியவில்லை, எழுத்தாகவே இடப்பக்கம் விட்டுவிட்டது. 05/08 அதற்குப் ‘புரிந்து’, மே 8 ஆக்கி வலப்பக்கம் வைத்துவிட்டது. எனவே வலப்பக்கம் ஒழுங்காகத் தெரிகிறவைதான் தப்பு, இடப்பக்கம் கிடப்பவைதான் சரி! வருடத்தில் 144 தேதிகள் இப்படி மாறக்கூடியவை. அவற்றில் ஆகஸ்ட் 8 போன்ற பன்னிரண்டு தேதிகள் மட்டும் மாறினாலும் அதேதான். கையால் திருத்தப் புறப்படாதீர்கள். மூல ஃபைலை நாள், மாதம், வருடம் என்ற வரிசையைச் சொல்லி மறுபடி உள்ளே இழுங்கள்.

மே, ஜூன் மாதங்களில் பிறந்த நாட்கள் குவிந்திருந்தால் அது கணினிக் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதான் நம்மில் பலருக்கு ஆவணப் பிறந்த நாள். அவர்களுக்கு வாழ்த்து அனுப்பினால் வீட்டில் சிரிப்பார்கள், வேறொன்றும் ஆகாது.

ஒரே வாடிக்கையாளர் மாதத்துக்கு நானூறு பில் போடுகிறார்

போன் எண் வாரியாகப் பில்களை எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனை செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யச் சொல்வேன். முதல் இருபது வரிசையில் கடையின் கதை முழுதும் இருக்கும். பத்து இலக்கமும் ஒன்பதாக உள்ள 9999999999, பிறகு 9876543210, கடையின் சொந்த எண். அப்புறம் பார்த்தால் பரிச்சயமான எண் ஒன்றிரண்டு: கவுன்ட்டரில் இருக்கும் பையனுடையது, கேஷியர் அம்மாவின் கணவருடையது.

நான் போன ஒரு கடையில் இதற்காக ஒரு பையனை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, அடுத்த சனிக்கிழமை மாலை பில் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வரிசையில் பதினைந்து பேர். “நம்பர் சொல்லுங்கக்கா.” “எதுக்குப்பா நம்பரு, மெசேஜா அனுப்பித் தள்றதுக்கா?” பின்னால் ஒருவர் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு நிற்கிறார். எண் போடாமல் சாஃப்ட்வேர் அடுத்த திரைக்குப் போகாது. அந்தப் பையன் என்ன செய்வான்? விரலுக்கு வந்த எண்ணை அடித்தான். மாலை முழுக்கப் பத்து ஒன்பது அடித்தால் மேனேஜர் திட்டுவார் என்று தன் எண்ணையும் நடுநடுவே அடித்தான். பாயின்ட் சேர்ந்தது என்பது அவனுக்கே பிறகுதான் தெரியும்.

லிஸ்ட்டில் அந்த எண்களை நீக்குவது பத்து நிமிட வேலை. பில்களை அழிக்காதீர்கள், எண்ணை மட்டும் காலியாக்கி, பில்லை ‘பெயர் இல்லாதவர்’ கணக்கில் வையுங்கள், இல்லையென்றால் விற்பனைக் கணக்கு உதைக்கும். ஆனால் அடுத்த சனிக்கிழமை அதே எண்கள் திரும்ப வரும். நிறுத்த வேண்டுமானால் சாஃப்ட்வேரில் ‘தரவில்லை’ என்று ஒரு பொத்தான் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் இதற்குத்தான் அதிகம் முரண்டு பிடிப்பார்கள், எண் குறைந்துவிடும் என்று. குறையும்தான், ஆனால் குறைவது பொய் எண்கள். வாடிக்கையாளர் எண் தராவிட்டால் பில் போட மறுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது, அதையும் எடுத்துச் சொல்லுங்கள். ‘யார் அதிக எண் வாங்கினார்கள்’ என்று கவுன்ட்டர் வாரியாகப் பரிசு கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய சின்னத் திரையில் எண் தெரிந்தால், “கடைசி ரெண்டு மாத்திப் போட்டீங்க தம்பி” என்று அவர்களே திருத்துவார்கள்.

அந்தப் பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

“அவர் இல்லீங்க, இது என் நம்பர்” என்று பதில் வருகிறது

விட்டுவிட்ட செல்போன் எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இரண்டு வருடமாகப் பில் போடாத எண்களை மற்றவர்களோடு கலக்காமல் தனிக் கூட்டமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் இவர்களுக்கு மொத்தமாக அனுப்பினால் பிளாக் செய்வார்கள், உங்கள் எண்ணின் தர மதிப்பீடு இறங்கும், அப்புறம் நல்ல வாடிக்கையாளருக்கும் போகாது. மாதம் சில நூறு பேராக அனுப்பிப் பார்த்து, ‘நான் அவர் இல்லை’ என்றவர்களுடைய எண்ணைப் பழைய பதிவிலிருந்து பிரித்துவிடுங்கள். பதிவு இருக்கட்டும், ஆள் கடைக்கு வரும்போது புது எண் சொல்வார்.

மின்னஞ்சலுக்கும் இதே கதைதான், கொஞ்சம் கடுமையாக. ஒரு நாளைக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதி வைத்திருக்கிறது: ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். டாட் காம் என்பதற்கு டாட் கான் என்று அடித்தவை, ஜிமெயிலில் எழுத்து இடம் மாறியவை எல்லாவற்றையும் அனுப்புவதற்கு முன்பே வடிகட்டுங்கள். ஜிமெயில் முகவரியில் நடுவில் வரும் புள்ளிக்கு மதிப்பில்லை என்பதையும் டூப்ளிகேட் தேடும்போது கணக்கில் வையுங்கள்.

‘வேண்டாம்’ என்றவருக்கு மறுபடியும் போகிறது

பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒருவர் வேண்டாம் என்றதும் யாரோ அவரை லிஸ்ட்டிலிருந்து அழித்துவிடுகிறார். அடுத்த மாதம் பில்லிங்கிலிருந்து புதிதாக எடுக்கும்போது அவர் புது ஆளாகத் திரும்ப வருகிறார். அழித்ததால்தான் வந்தார். அழிக்காமல் எண்ணையும் ‘வேண்டாம்’ என்ற தேதியையும் மட்டும் தனி ஃபைலில் வைத்து, ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அதைக் கழித்துவிட்டு அனுப்புங்கள். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், மின்னஞ்சல் மூன்றுக்கும் அது ஒரே ஃபைலாக இருக்கட்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. கவுன்ட்டரில் வாயால் “வேண்டாம்ப்பா” என்று சொன்னவரையும் அந்த ஃபைலில் சேர்க்க வழி வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பல கடைகளில் இருக்காது.

ஊர் வாரியாக அனுப்பினால் வேறு ஊருக்குப் போகிறது

திருப்பத்தூர் திறப்பு விழாவுக்குச் சிவகங்கை மாவட்டத்துக்காரர்களும் அழைப்பு வாங்கியிருப்பார்கள். இரண்டு திருப்பத்தூர் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவசரமாக அடித்தால் திருப்பூரும் சேர்ந்துகொள்ளும். ஊர்ப் பெயரை நம்பாமல் பின்கோடை நம்புங்கள்: சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் 630-இல் தொடங்கும், மற்றது 635-இல். திருச்சி, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி, டூட்டிகோரின் என்று ஒரே ஊருக்கு இருக்கும் எல்லாப் பெயர்களையும் ஒரு பட்டியலாக்கி, பின்கோடோடு இணைத்து வையுங்கள். 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தை அரசு மாற்றி அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அந்தச் சில நாளில் பதிவானவர்கள்கூட ஒரு லிஸ்ட்டில் கண்ணில் பட்டார்கள்.

மாவட்டப் பெயரும் பழையதாக இருக்கும். 2019-க்கு முன் சேர்ந்த தென்காசிக்காரர் திருநெல்வேலியிலும், ராணிப்பேட்டைக்காரர் வேலூரிலும், செங்கல்பட்டுக்காரர் காஞ்சிபுரத்திலும் இருப்பார்கள். மயிலாடுதுறை 2020-இல்தான் பிரிந்தது, அங்குள்ளவர்கள் நாகப்பட்டினத்தில் கிடப்பார்கள். மாவட்டத்தைக் கையால் திருத்த வேண்டாம். அந்த நெடுவரிசையையே தூக்கிவிட்டு, பின்கோடிலிருந்து புதிதாக வரவழைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் உள்ள சில பின்கோடுகள் இரண்டு மாவட்டத்தில் கால் வைத்திருக்கும். அவற்றை மட்டும் ஊர்ப் பெயரோடு சேர்த்துப் பார்த்து முடிவு செய்தால் போதும்.